ஆடிக் கூழ் வார்க்கையில் புதிய வர்ணிப்பு பாடலாமா?

எர்ணாவூர்க்காரன்

வடசென்னை எர்ணாவூரில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் வார்ப்பது வழக்கம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரே பம்பைக்காரர் குடும்பம்தான் வருகிறது. முன்பு தகப்பன் பம்பை அடித்தார், இப்போது மகன் அடிக்கிறார். அம்மனை வர்ணித்து அழைக்கும் பாட்டான வர்ணிப்பை மட்டும் இன்றைக்கும் பெரியவர்தான் பாடுகிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

சென்ற ஆண்டு அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கரகம் ஜோடித்தாகிவிட்டது, அம்மனை அழைக்க வேண்டிய நேரம். கல்லூரியில் படிக்கும் அவருடைய பேரன் உடுக்கையை வாங்கிக்கொண்டு பாட ஆரம்பித்தான். தாத்தாவின் அதே மெட்டு, அதே இழுப்பு. பாதி அழைப்பு முடிந்தபோது இதுவரை யாரும் கேட்காத இரண்டு அடிகளைப் பாடினான்:

கட்டுமரம் கறுத்திருக்க, கரையெல்லாம் மினுமினுக்க,
கட்டிலின்மேல் பிள்ளைகளைக் காத்திருந்த எந்தாயே!

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் கறுப்பு. படகு, வலை, வீட்டுச் சுவர் எதுவும் தப்பவில்லை. எங்கள் தெருவில் சில வீடுகளில் இடுப்பு உயரத்தில் அந்தக் கறைக் கோடு சுண்ணாம்பு அடித்த பிறகும் தெரிகிறது. பையன் பாடியது அந்த இரவைத்தான்.

கூட்டத்தில் பல பெண்கள் அழுதார்கள். விழாக் குழுவின் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பேச்சு ஓராண்டாக ஓயவில்லை. சென்ற வாரக் கூட்டத்தில் ஒரு தரப்பு பழைய வர்ணிப்பில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது என்றது. இன்னொரு தரப்பு பையனையே பாட வைக்கலாம் என்றது. இந்தச் சண்டையே வேண்டாம், பம்பைக் குழுவை நிறுத்திவிட்டுப் பென்டிரைவில் அம்மன் பாட்டுப் போட்டுவிடலாம் என்று மூன்றாவது தரப்பு எழுந்தது. அந்த மூன்றாவது யோசனைக்குத்தான் அதிகக் கைகள் உயர்ந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வண்ணைப் பெரியவர்

தம்பி, நான் முதல் தரப்பு. பழைய வண்ணாரப்பேட்டையில் அறுபது ஆடி பார்த்தவன் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

அந்தப் பையனின் அடிகள் நன்றாக இருக்கின்றன. நன்றாக இருப்பதுதான் எனக்குப் பயம். மோசமான அடி தானாக உதிர்ந்துவிடும், நல்ல அடி நின்றுவிடும். அடுத்த ஆண்டு இன்னொருவன் இன்னும் நல்லதாக இரண்டு அடி கொண்டுவருவான். பத்தாவது ஆண்டில் பழைய வர்ணிப்பில் என்ன மிஞ்சியிருக்கும்? அதை யாரும் அச்சுப் போட்டு வைத்திருக்கவில்லை. அது இருக்கும் ஒரே இடம் அந்தப் பெரியவரின் தொண்டை. அதற்கு இருக்கும் ஒரே காவல், மாற்றாமல் திரும்பத் திரும்பப் பாடுவது.

திருவொற்றியூரில் புற்று வடிவான ஆதிபுரீசுவரருக்கு ஆண்டு முழுவதும் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துகிறார்கள். என் தாயார் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் நின்றாள். இப்போது நான் பேத்தியோடு நிற்கிறேன். கூட்டம் தாங்கவில்லை, ஒரு மாதமாக நீட்டலாம் என்று நாளை யாராவது வசதி பேசினால் எல்லோருக்கும் நிதானமாகத் தரிசனம் கிடைக்கும். ஆனால் என் தாயார் நின்ற வரிசை அங்கே இருக்காது.

கொருக்குப்பேட்டை ரயிலடி

பென்டிரைவ் தரப்புக்கு ஒரே ஒரு கேள்வி. கரகம் தூக்குபவருக்கு அருள் இறங்கத் தாமதமானால் பம்பைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடியைத் தளர்த்துவார், பிறகு முறுக்குவார். ஒலிபெருக்கி யார் முகத்தைப் பார்க்கும்?

ராயபுரத்து மகள்

நான் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் ஊர்ப் பெயரே ராயப்பரால் வந்தது என்பார்கள், அதாவது புனித பேதுரு. கொடியேற்றம், தேர்பவனி எல்லாம் எங்களுக்கும் உண்டு. அதனால் இந்த விவாதம் என் வீட்டு விவாதம் போலவே இருக்கிறது.

வண்ணைப் பெரியவர் சொன்னதைப் படித்ததும் என் பாட்டி நினைவுக்கு வந்தாள். தினமும் மாலையில் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்வாள். நாங்கள் எல்லோரும் புதிய வழக்கில் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்போம். அவள் மட்டும் பழைய வழக்கில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்பாள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு லத்தீன் பூசை தமிழுக்கு மாறியது. செபங்களின் வடமொழி கலந்த பழைய தமிழும் மெல்ல மாறியது. மாற்றம் தேவையாகத்தான் இருந்தது. பிரியதத்தம் என்றால் என்ன என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். தெரியாது என்றாள். "அர்த்தம் மாதாவுக்குத் தெரியும், எனக்கு வாய் பழகியிருக்கிறது, போதும்" என்றாள்.

பல ஆண்டுகள் அதை அறியாமை என்றே நினைத்தேன். அவளுடைய கடைசி மாதத்தில் எங்கள் பெயர்கள் அவளுக்கு மறந்துபோயின. என் அம்மாவைக்கூட அடையாளம் தெரியவில்லை. ஆனால் யாராவது கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "பிரியதத்தத்தினாலே" என்று தொடங்கினால் மீதியை அவள் முடித்துவிடுவாள். புதிய வழக்கில் தொடங்கினால் வெறித்துப் பார்ப்பாள். அந்த வீட்டில் பழைய செபம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் அவசரமாகக் கற்றுக்கொண்டேன். அவளோடு பேச அந்த ஒரு கதவுதான் திறந்திருந்தது.

எனவே பழைய வர்ணிப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பையன் பாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் தாத்தா பாடுவது முழுவதையும் அவன் நெஞ்சில் ஏற்றிக்கொள்ளட்டும்.

வியாசை டோலக்

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கானா பாடுகிறேன். மேடைக் கானா அல்ல, இழவு வீட்டுக் கானா. இரவு முழுவதும் உடலைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காகப் பாடுவது.

புதியது, பழையது என்று பேசுகிறவர்கள் எங்கள் வேலையை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். மெட்டு எல்லாம் பழையது. என் குரு யாரிடம் கற்றாரோ அவர் யாரிடம் கற்றாரோ, யாருக்கும் தெரியாது. நான் போனதும் செய்யும் முதல் வேலை டோலக்கைச் சூடு காட்டுவது அல்ல. வீட்டுப் பெண்களிடம் விசாரிப்பது. இறந்தவர் பெயர் என்ன, துறைமுகத்தில் மூட்டை தூக்கினாரா, மில்லில் இருந்தாரா, எந்தப் பிள்ளை அவருக்குச் செல்லம், கடைசியாக என்ன கேட்டுச் சாப்பிட்டார். அதெல்லாம் பழைய மெட்டுக்குள் போய் உட்காரும். ஒரே மெட்டில் ஆயிரம் சாவுக்குப் பாடியிருப்பேன். ஒரு பாட்டும் இன்னொரு பாட்டும் ஒன்றல்ல. மெட்டையும் புதிதாகப் போட்டால் அழ வந்தவர்கள் மெட்டைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பழகிய மெட்டு என்றால்தான் சொல் நேராக மனத்துக்குள் இறங்கும்.

எனக்கு வேறொரு வருத்தம் உண்டு. இப்போது ஒருவன் கைபேசியில் பதிவு செய்து போட்ட கானா பரவிவிட்டால், ஐம்பது பேர் அதே பாட்டை அதே உச்சரிப்போடு எல்லாச் சாவிலும் பாடுகிறார்கள். போன மாதம் ஓர் அம்மாவின் சாவில் வேறொரு குழு பாடியது. பாட்டில் வந்த ஊர் வேறு, செய்த தொழில் வேறு. அந்த வீட்டுப் பிள்ளைகள் தலை நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

எர்ணாவூர் அண்ணன், உங்கள் பென்டிரைவும் அதைத்தான் செய்யும். அதில் உங்கள் தெருப் பெயர் வராது.

மணலி வாசகன்

நம் பகுதிக்கே உரிய ஒரு செய்தி இந்த விவாதத்துக்குப் பொருந்தும். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் அவருடைய இளமையில் மணலி முதலியார்களின் ஆதரவில் இங்கே மணலியில் வாழ்ந்தது. அந்த நாட்களில் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசிப்பதை அவர் கேட்டார். கேட்ட மெட்டுகளுக்குத் தெய்வங்களைப் பற்றிய சமஸ்கிருத சாகித்தியங்களை எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோமே, அவைதான். ஏறத்தாழ நாற்பது இருக்கின்றன. ஆங்கில அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டுக்கே தேவியைப் பற்றி எழுதினார்.

அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் இதே காலத்தில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அபூர்வம். அது கப்பலில் வந்த வாத்தியம் என்று சபையில் யாராவது எழுந்து ஆட்சேபிக்கிறார்களா? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் மணலியில் நடந்த புதுமை இன்று மரபு. இரண்டு அடிகளுக்கு இவ்வளவு கலக்கம் தேவையில்லை என்பது என் கருத்து.

வண்ணைப் பெரியவர்

மணலி நண்பருக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தீட்சிதர் பேண்டு மெட்டுக்குப் பாட்டு எழுதினார், உண்மை. ஆனால் அவருடைய பெரிய கீர்த்தனைகளில் பேண்டு வாத்தியமா ஒலிக்கிறது? அந்த மெட்டுகளைத் தனியாக ஒரு பக்கம் வைத்தார். வயலினும் இங்கே வந்து தன் ஊர்ப் பாட்டைப் பாடவில்லை. தரையில் உட்கார்ந்து, நம் சுருதிக்குத் தந்தியைத் திருகிக்கொண்டு, பாடுபவரின் பின்னால் போயிற்று. வந்தது பணிந்ததால்தான் தங்கியது.

வியாசை டோலக் எழுதியதை மட்டும் இரண்டு முறை படித்தேன். அது என்னை யோசிக்க வைக்கிறது.

தண்டையார்பேட்டை ஆசிரியை

தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் தொண்டியார் என்றார்கள், அதுவே தண்டையார்பேட்டை ஆயிற்று என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள். 1838இல் மறைந்தவர். அவருடைய தர்காவுக்கு எல்லா மதத்தவரும் போகிறார்கள்.

அவர் பாடியதை எடுத்துப் பாருங்கள். அவருக்கு முன்பே தாயுமானவர் இரண்டிரண்டு அடிகளாக வரும் பராபரக் கண்ணி பாடிவிட்டார், இவரும் பராபரக் கண்ணி பாடினார். பத்திரகிரியார் "எக்காலம்" என்று முடியும் கண்ணிகளில் புலம்பினார், இவர் எக்காலக் கண்ணி பாடினார். வடிவம் முழுக்க முழுக்க முன்னோருடையது, ஒளிவுமறைவே இல்லை. பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கும் பிள்ளைகள் "காப்பி அடித்தாரா டீச்சர்?" என்று கேட்பதுண்டு. நான் அந்தக் கேள்வியைத் தட்டிவிடுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். ஒரு சூபி, தன் ரகுமானை அழைக்கும் அதே வாயால் மனோன்மணி என்னும் அம்பிகையைக் காதலியாக அழைத்துக் கண்ணி பாடுகிறார். அந்தத் துணிவு அவருக்கு முந்தியவர்களுக்கு இல்லாதது. கேட்டவர்கள் மிரளவில்லை. வடிவம் அவர்கள் காதுக்கு உறவாக இருந்தது. கண்ணியின் ஈற்றடி எப்படி முடியும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். முடிவு தெரிந்தவனுக்கு நடுவில் எதையும் சொல்லலாம்.

வகுப்பில் நான் கண்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கட்டுரையைச் சொந்தமாக எழுதுங்கள் என்று வெறும் தாளைக் கொடுத்தால் முப்பது பிள்ளைகளும் ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள். ஒரு கண்ணியைக் கொடுத்து இதன் ஈற்றடியை வைத்து எழுதுங்கள் என்றால் முப்பதும் முப்பது விதமாக வருகின்றன.

எர்ணாவூர்க் கூழ்ப்பானை

நானும் அதே தெருதான். அன்று அழுத பெண்களில் நானும் ஒருத்தி. இவ்வளவு பேர் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூழுக்குச் சனிக்கிழமையே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கிறோம். நொய் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று என் மாமியார் கையால் காட்டிக்கொடுத்த அளவு. அதில் நான் எதையும் மாற்றியதில்லை. முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் அப்படியே. புயலுக்கு அடுத்த ஆடியில் பானையைக் கழுவும்போது மட்டும் என் கை நடுங்கியது. அந்தப் பானையிலும் எண்ணெய் ஏறியிருந்தது. எத்தனை முறை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் நாற்றம் போகவில்லை. கடைசியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப்பானை வாங்கினோம். அளவு மாறிவிடுமோ என்று பயந்துகொண்டே கரைத்தேன்.

பையன் பாடியபோது அந்தப் பானைதான் என் கண்முன்னே வந்தது. அம்மனுக்கு அது தெரியும், நாம் கட்டிலின் மேல் நின்றது அவளுக்குத் தெரியும் என்று ஒருவன் அவள் எதிரிலேயே சொன்னான். அதனால் அழுதேன்.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாத்தா பாடும்போது ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லையும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து எடுப்போம். எப்போது எடுக்க வேண்டும் என்று மூச்சுக்குத் தெரியும். பையன் புதிய அடிக்குள் போனதும் எங்கள் வாய் நின்றுவிட்டது. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சிறிது நேரம் நாங்கள் அம்மனை அழைக்கவில்லை, பாட்டுக் கேட்டோம். கரகத்தை ஏந்தியிருந்த என் நாத்தனாரும் அதையேதான் சொன்னாள். ஏறி வந்தது சட்டென்று இறங்கிவிட்டது என்றாள்.

வியாசை டோலக்

அக்கா சொன்னதில் விஷயம் இருக்கிறது. அது தொழில் பிழை. இழவு வீட்டில் புதிய சொல் போடும்போது, மற்றவர்கள் எடுக்கும் அடியை நாங்கள் தொடவே மாட்டோம். தனியாகப் பாடும் அடியில்தான் செய்தியைச் சொல்வோம். தம்பி "எந்தாயே" என்று சரியாகத்தான் முடித்திருக்கிறான். ஆனால் அதற்கு முன்னால் அடியை நீட்டிவிட்டான் என்று நினைக்கிறேன், பெண்கள் மூச்சு எடுக்க இடம் கிடைக்கவில்லை. பழகினால் சரியாகிவிடும்.

காலடிப்பேட்டை

தாமதமாக வருகிறேன். எங்கள் ஊர், ஆளுநர் ஜோசப் காலெட் 1717 முதல் 1720 வரை பதவியில் இருந்த காலத்தில் நெசவாளர்களுக்காக உண்டான காலெட்பேட்டை. சொல்லிச் சொல்லிக் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலே, காஞ்சி வரதரை நினைத்து எழுப்பப்பட்டதாகத்தான் தல வரலாறு சொல்கிறது. காஞ்சியைப் பார்த்துச் செய்ததால் எங்கள் பெருமாள் எங்களுக்குக் குறைந்தவர் ஆகிவிடவில்லை. வேறொன்றும் சேர்த்துச் சொல்ல இல்லை. பம்பைப் பெரியவரிடம் யாராவது கேட்டீர்களா?

எர்ணாவூர்க்காரன்

காலடிப்பேட்டை நண்பரின் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஓராண்டாகத் தெருவே சண்டை போடுகிறது, அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன்.

பெரியவர் திண்ணையில் பம்பைத் தோலுக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். பேரனின் அடிகளைப் பற்றி உங்களுக்குக் கோபமா என்று கேட்டேன். அடிகள்மேல் கோபம் இல்லை என்றார். தானே எத்தனை சேர்த்திருக்கிறேன் தெரியுமா என்று சொல்ல ஆரம்பித்தார். அவருடைய தகப்பனார் பாடும்போது கடலுக்குப் போகிற பிள்ளைகளைக் காக்கச் சொல்லும் இடத்தில் கட்டுமரம் மட்டும்தான் வந்ததாம். விசைப்படகு வந்த பிறகு விசைப்படகைச் சேர்த்தவர் இவர். 2004 சுனாமிக்குப் பிறகு அலை என்ற சொல் வரும் ஓர் அடியைப் பாட முடியாமல் இரண்டு ஆடிக்கு விட்டுவிட்டாராம். மூன்றாவது ஆடியில் பெண்கள் தாங்களாகவே அந்த அடியை எடுத்தார்களாம், அதன் பிறகுதான் மறுபடியும் பாடினாராம். நான் நாற்பது ஆண்டுகளாக அவர் பாட்டைக் கேட்கிறேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

பிறகு எதில் குறை என்று கேட்டேன். உடுக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முழு வர்ணிப்பையும் வாய்க்குள் ஓட்டிக் காட்டினார். முதலில் காப்பு. பிறகு அம்மனின் தலை முதல் கால் வரை வர்ணிப்பு. அப்புறம் அழைப்பு. அவள் எல்லை தாண்டி, தெரு தாண்டி, கரகத்தில் வந்து இறங்கிய பிறகு ஊர்க் குறை சொல்லும் இடம் ஒன்று வருகிறது. தெருப் பெயர், நோய் நொடி, மழை தண்ணீர், கடலுக்குப் போனவர்கள் எல்லாம் அங்கேதான். "இந்த இடம் எப்போதும் திறந்தே கிடக்கும். எங்கள் அப்பா காலத்திலும் திறந்துதான் கிடந்தது. பையன் அழைப்பின் நடுவில் குறையைச் சொல்லிவிட்டான். தாய் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்போது யாராவது குறை சொல்வார்களா? வந்து உட்காரட்டும், தண்ணீர் கொடு, பிறகு சொல்" என்றார்.

பேரன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். வெளியே வந்து, எண்ணெய் அடியைக் குறை சொல்லும் இடத்தில் வைத்துப் பாடிக் காட்டினான். பெரியவர் ஓரிடத்தில் நிறுத்தி "மினுமினுக்க" என்ற சொல்லை இழுக்காதே, பெண்கள் மூச்சு எடுக்க வேண்டும் என்றார். வியாசை டோலக் எழுதிய அதே திருத்தம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வண்ணைப் பெரியவர்

தம்பி, அவர் திறந்தே கிடக்கிறது என்று சொன்ன இடத்தை நான் அறுபது ஆண்டுகளாகக் கேட்டும் கவனிக்கவில்லை. எங்கள் தெருப் பாட்டில் பழைய காலரா வரும். நான் சிறுவனாக இருந்தபோது அதற்கு அர்த்தம் கேட்டதுகூட இப்போது நினைவுக்கு வருகிறது. அதுவும் ஒரு காலத்தில் யாரோ புதிதாகச் சேர்த்த அடியாகத்தான் இருந்திருக்கும். பேரன் முழு வர்ணிப்பையும் கற்றுக்கொள்கிறானா?

எர்ணாவூர்க்காரன்

கற்றுக்கொள்கிறான் ஐயா. தினமும் இரவு, தாத்தாவுக்கு எதிரில் உட்கார்ந்து. ராயபுரத்துச் சகோதரி தன் பாட்டியைப் பற்றி எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.

குழுவில் மறுபடியும் பேசினோம். கூழ்ப்பானை அக்கா எழுந்து நின்று பேசிய பிறகு பென்டிரைவ் யோசனையை யாரும் எடுக்கவில்லை. காப்பும் அழைப்பும் பெரியவர் பாடுவார், குறை சொல்லும் இடத்தில் உடுக்கையைப் பேரன் கையில் கொடுப்பார். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கரகம் ஜோடிக்கிறோம், பதினொன்றுக்குக் கூழ். இந்த இழையில் எழுதிய எல்லோரும் வர வேண்டும். ஐயா, பேத்தியையும் அழைத்து வாருங்கள். பாத்திரம் கொண்டுவந்தால் வீட்டுக்கும் ஊற்றித் தருகிறோம்.